மிளகு கட்டிய கூடு

"அம்மா, மிளகு கடிச்சுப்போட்டுதுங்க."

அர்த்தநாரி விரலை நீட்டினார். சுற்றியிருந்த துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

சிவகாமி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விரலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எந்த மிளகுங்க?"

"நம்ம முயலுங்க."

"நேத்து வரைக்கும் என் முயல்னுதான சொல்லிட்டு இருந்தீங்க?"

அர்த்தநாரி விரலைத் தானே ஊதிக்கொண்டார்.

*

அர்த்தநாரி நிலம் அளக்கிற சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர். கொல்லிமலைச் சரிவில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு ஒரு பையும் நான்கைந்து வேதாந்தப் புத்தகமுமாக வந்து சேர்ந்தவர். குரு சிவகாமி அம்மா தன்னைவிட வயதில் இளையவர், அதிலும் ஒரு பெண் என்பது முதலில் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. அம்மாவின் கையால் நாலு நாள் ரசம் சாப்பிட்டதும் உறுத்தல் போய்விட்டது.

வந்த அன்றே கேட்டார்.

"எனக்குக் காவி குடுங்கம்மா. இனி வீட்டுக்குத் திரும்பறதா இல்லீங்க."

"வீட்டுல யாரு இருக்காங்க?"

"சம்சாரம் மட்டுந்தானுங்க. குழந்தை குட்டி இல்ல."

"ஏன் கெளம்பி வந்தீங்க?"

"மயிலாத்தா சாந்தமானவளுங்க. கல்யாணம் ஆனதுலருந்து ஒரு சத்தம் போட்டதில்ல. ஒருநாள் திடீர்னு செம்பைத் தூக்கி மண்டையில எறிஞ்சுட்டா. காரணமே இல்ல."

"காரணமே இல்லீங்களா?"

"இல்லீங்க. எல்லாம் மாயைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது."

அம்மா அவருடைய நெற்றித் தழும்பைப் பார்த்தார்.

"செம்பு நெசமாத்தான் இருந்திருக்கும்போல."

அர்த்தநாரி சிரிக்கவில்லை. அம்மா எழுந்துபோய் ஒரு முயலை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். உடம்பெல்லாம் வெள்ளை. மூக்கில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. யாரோ பக்தர் விட்டுவிட்டுப் போன பெண் முயல்.

"இது உங்க மடியில நிம்மதியாத் தூங்கட்டும். அப்பறம் காவியைப் பத்திப் பேசலாம்."

*

மிளகு என்று பெயர் வைத்தவர் அர்த்தநாரிதான்.

முயல் பழக நாளானது. பழகிய பிறகு அவர் வாசலில் வந்து நின்றாலே காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். கையை நக்கும். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆசிரமத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பந்தியில் இலை போடுவது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தினமும் மதியம் எல்லாருக்கும் இலை போட்டபின் கடைசியில் ஓர் இலை கூடுதலாக விழும். வராதவர் இலை என்று பெயர். யாராவது வரலாம் அல்லவா, அதற்காக. அந்த இலைக்குத்தான் முதலில் பரிமாறுவார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு அதைப் பசுவுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள்.

அர்த்தநாரி அந்த இலையைக் கயிறு பிடித்தமாதிரி நேராகப் போடுவார். தண்ணீர் தெளித்து ஓரம் துடைப்பார். மற்றபடி, சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட "மாயை" என்று தலையாட்டுகிற ஆள். அந்த இலை விஷயத்தில் மட்டும் மாயை என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நாளாவட்டத்தில் மிளகு அவர் மடியில் ஏறிப் படுக்கவும் ஆரம்பித்தது. இன்னும் கண்மூடித் தூங்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்று அவர் காத்திருந்தார்.

அப்போதுதான் கடித்தது.

*

"என்ன பண்ணினீங்க?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்ணுமே பண்ணலீங்க. எப்பவும்போலத் தட்டை எடுக்கக் கையை விட்டேன். உர்ருனுது. முன்னங்காலு ரெண்டையும் தூக்கிக் குத்துச்சண்டைக்காரன் மாதிரி அடிச்சுது. பின்னங்கால டொம்முனு தரையில ஒதைச்சுது. அப்பறந்தான் இந்தக் கடி."

"வேற?"

"வாயி நெறயக் காஞ்ச புல்லைக் கவ்விட்டு அங்கயும் இங்கயும் நடக்குது. மீசை வெச்சமாதிரி. நெஞ்சுல இருக்கற முடியைத் தானே புடுங்கிக்குது. பைத்தியம் புடிச்சிருச்சுங்கம்மா. இப்புடி ஒரு சாந்தமான ஜீவன் காரணமே இல்லாம..."

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"முயலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்கியாவது வலிக்குதோ என்னமோ. வலிச்சா நான்கூடத்தான் கடிப்பேன். டாக்டர்கிட்டக் கொண்டுபோங்க."

*

அடிவாரத்து ஊரில் கால்நடை டாக்டர் ஓர் இளம்பெண். துண்டைப் போட்டு முயலைப் பிடித்தார். பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றை மெதுவாக அமுக்கினார்.

"வலி ஒண்ணுமில்லீங்க. பொய்ச் சினை."

"அப்பிடின்னா?"

"வயித்துல குட்டி கெடையாது. இருக்குதுன்னு ஒடம்பு நம்பிப்போடும். கூடு கட்டும். முடியைப் புடுங்கி மெத்தை போடும். கிட்டப் போறவங்களக் கடிக்கும்."

"இதுக்கு மருந்து?"

"வேண்டாமுங்க. கூட்டைக் கலைக்காம விடுங்க. ரெண்டு வாரம்போல ஆனா அதுவே எந்திரிச்சு வந்துரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அது அம்மாதானுங்க."

*

மலைப்பாதை பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அர்த்தநாரி யோசித்தபடியே வந்தார். டாக்டர் சொன்னது நாலைந்து வாக்கியம். அதில் அவர் காதில் தங்கியது ஒரே சொல்தான். பொய்.

மாயை என்று ஒன்று கையில் அகப்பட்டுவிட்டால் அவருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. இல்லாத குட்டிக்கு ஒரு கூடு. கயிற்றைப் பாம்பு என்று நம்புகிறவனுக்கு விளக்கைத் தூக்கிக் காட்டுவதுதானே கருணை? படித்த புத்தகமெல்லாம் அதைத்தானே சொல்கிறது?

வந்து சேர்ந்ததும் கூட்டைக் கலைத்தார்.

புல்லையும் முடியையும் வாரி எருக்குழியில் கொட்டினார். முயலைப் பார்த்து, "ஒண்ணுமில்ல மிளகு. அங்க ஒண்ணுமே இல்ல. பாத்துக்க" என்று அன்பாகத்தான் சொன்னார்.

மிளகு மறுபடி கட்டியது.

மறுபடி கலைத்தார். இந்தத் தடவை கடி மணிக்கட்டில் விழுந்தது.

மறுபடி கட்டியது. நெஞ்சில் முடி தீர்ந்துபோய்த் தோல் தெரிந்தது. அர்த்தநாரி கையில் சாக்குப்பையைச் சுற்றிக்கொண்டு வந்து மொத்தத்தையும் வழித்தெடுத்தார்.

அதற்கப்புறம் மிளகு கடிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. கொத்தமல்லி வைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் வைத்த புல்லும் அப்படியே கிடந்தது.

அர்த்தநாரிக்குப் பயம் வந்துவிட்டது.

*

பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் தன் இலையில் உட்காராமல் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"திங்க மாட்டேங்குதும்மா."

"என்ன பண்ணினீங்க?"

இப்போது அவர் சொன்னார். டாக்டர் சொன்னதையும் சொன்னார், தான் செய்ததையும் சொன்னார். மடமடவென்று சொல்லி முடித்துவிட்டுக் குரலை ஏற்றினார்.

"இல்லாததை இருக்குதுன்னு நம்பிட்டு இருக்குது. அதைத் தெளிய வெக்கிறது தப்புங்களா?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். பந்தியின் கடைசிக்குப் போனார். வராதவர் இலையைச் சோறு, குழம்பு, பொரியலோடு அப்படியே மடித்து எடுத்தார்.

அர்த்தநாரி திடுக்கிட்டார்.

"என்ன பண்றீங்கம்மா?"

"எடுக்கறனுங்க."

"அது வராதவங்க இலைங்க!"

"வந்தாங்களா?"

"இன்னைக்கு வரல."

"நீங்க இங்க வந்ததுலருந்து?"

"ஒருத்தரும் வரலீங்க."

"அப்பறம் என்னத்துக்கு? அங்க யாருமில்ல. இனிமேப் போடாதீங்க. தெளிஞ்சுக்குங்க."

அம்மா இலையோடு கொல்லைப்பக்கம் நடந்தார்.

அர்த்தநாரி ஓடினார். குறுக்கே போய் நின்று அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். குருவின் கையை. அந்த ஆசிரமத்தில் யாரும் செய்யாத காரியம்.

"வைங்க! மரியாதையா அத வெச்ச எடத்துல வைங்க!"

அது கத்தல். பந்தியில் சோறு பிசைந்த கைகள் நின்றன.

அம்மா தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"கடிக்கல. அந்த மட்டுக்கும் சந்தோசமுங்க."

*

அர்த்தநாரி கையை விட்டார். இலையை இரண்டு கையாலும் வாங்கினார். திரும்பப் போய் அதே இடத்தில் விரித்தார். கலைந்த சோற்றைச் சரிசெய்தார். குழம்பு ஓடியதைத் தடுத்தார்.

எழுந்து நின்றவர் சம்பந்தமே இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"தொட்டிலுங்க."

"என்ன தொட்டில்?" என்றார் அம்மா.

"கல்யாணமான புதுசுல மயிலாத்தாளுக்கு நாள் தள்ளிப்போச்சு. அவளே போயி ஆசாரிகிட்டத் தொட்டில் செய்யச் சொல்லிட்டா. அப்பறம் ஒண்ணும் இல்லைன்னு ஆயிப்போச்சு. தொட்டில் மட்டும் வந்துது. அதுல ஒரு சாமான் போட விடமாட்டா. ஆடிக்கு ஆடி எண்ணெய் போட்டுத் தொடைச்சு வெப்பா."

"சரிங்க."

"அவ ஊருக்குப் போயிருந்தப்ப எங்கக்கா பேத்திக்குக் கொழந்தை பொறந்துது. சும்மாதான கெடக்குதுன்னு தூக்கிக் குடுத்துட்டேன். அவ மனசு தெளியட்டும்னுதாங்க... நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

சும்மாதானே கிடக்கிறது என்று தான் சொன்ன சொல் இப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது. இத்தனை மாதமும் காரணமே இல்லை என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். நெற்றியில் செம்பு பட்ட இடத்தை இப்போதுதான் பட்டதுபோலத் தடவிப் பார்த்தார்.

"இலையைக் காத்தது போதுங்க" என்றார் அம்மா. "எருக்குழி அந்தப் பக்கம்."

*

எருக்குழியில் இறங்கி அவர் முடி பொறுக்கினார். சாணியில் ஒட்டியதை விட்டுவிட்டு, வெள்ளையாகக் கிடைத்ததை மட்டும் மடியில் சேர்த்தார். அறுபதைத் தாண்டிய வயதில் குழியில் குந்தி முயல்முடி பொறுக்குகிற ஒரு வேதாந்தியைப் பார்த்து இரண்டு பேர் வாய்பொத்திச் சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

புதுப் புல்லும் பழைய முடியுமாகக் கொண்டுபோய்க் கூண்டு வாசலில் வைத்தார். உள்ளே கையை விடவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு புல் சரசரத்தது.

திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தபோது மூலையில் கூடு இருந்தது, கொத்தமல்லி இல்லை. அர்த்தநாரிக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

நேரே அம்மாவிடம் போய் ஆசிரமத்துப் போனைக் கேட்டார்.

*

"மயிலு."

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை.

"ஒருக்கா இங்க வந்துட்டுப் போறியா?"

"எதுக்கு?"

அவர் கூண்டு இருந்த பக்கம் திரும்பினார்.

"இங்க ஒரு முயல் இருக்குது."

போன் வைக்கப்பட்டது.

"வருவாங்களா?" என்றார் அம்மா.

"தெரியலீங்க."

"இலை போட்டு வைங்க."

*

அவர் போட்டார். ஒரு நாள் விடாமல், நேராக, ஓரம் துடைத்து. முதல் நாள்களில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். பிறகு பார்ப்பதில்லை. போடுவது மட்டும் நிற்கவில்லை. அந்த நாள்களில் அவர் நன்றாகத்தான் இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். கூண்டின் பக்கம் போனால் தூரத்திலேயே நின்று, "நாந்தான்" என்று குரல் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்றினார்.

ஒரு மதியம், பரிமாறி முடிக்கிற நேரத்துக்கு, மயிலாத்தாள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. முகத்தில் சமாதானமும் இல்லை, கோபமும் இல்லை.

எல்லா இலையிலும் ஆள் இருந்தது, கடைசி இலை தவிர.

"உக்காருங்க" என்றார் அம்மா. "உங்க இலைதான்."

மயிலாத்தாள் உட்கார்ந்தாள். சோறு ஏற்கனவே பரிமாறியிருந்தது. அதை ஒருமுறை பார்த்தாள். யாருக்கோ போட்டதை எடுத்துக்கொண்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் மலை ஏறி வந்த பசி. பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள்.

"உப்புக் கம்மி" என்றாள்.

அர்த்தநாரி போய் உப்பை எடுத்துவந்தார்.

*

சாப்பிட்டதும் கூண்டருகே கூட்டிப்போனார். வெகுநாளைக்கப்புறம் இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள்.

மூலையில் புல் குவிந்திருந்தது. நடுவில் குழித்து, வெள்ளை முடியால் மெத்தை போட்டிருந்தது. பக்கத்தில் மிளகு. நெஞ்சில் மட்டும் முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"எத்தன குட்டி?" என்றாள் மயிலாத்தாள்.

"குட்டி இல்ல மயிலு. வயித்துல ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இருக்குதுன்னு நம்பிட்டு இருந்துது."

அவள் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலைச்சீங்களா?"

"கலைச்சேன்."

"கடிச்சுதா?"

அவர் விரலைக் காட்டினார். மணிக்கட்டைக் காட்டினார்.

"நல்லாக் கடிச்சுதா?"

"நல்லா."

மயிலாத்தாளின் வாயோரம் லேசாக நெளிந்தது. அவள் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

அர்த்தநாரி காத்திருந்தார்.

"நான் போயி அக்கா பேத்திகிட்டக் கேட்டு அந்தத் தொட்டிலை வாங்கிட்டு வந்தர்றேன்."

"வேண்டாம்."

"இல்ல மயிலு, நானே..."

"வேண்டாங்கறேன்ல. அதுல புள்ள தூங்குது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போயிப் பாத்துட்டும் வந்தேன்" என்றாள். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். வெச்சது நானு. எடுக்கறதும் நானாத்தான இருக்கோணும்?"

"ஆமா."

"ஆமாங்கறத அன்னைக்கே சொல்லியிருந்தா செம்பு நசுங்கியிருக்காது."

*

பேச்சுக் குரல் நின்றதும் மிளகு எழுந்தது. கூட்டை ஒருமுறை முகர்ந்தது. திறந்திருந்த கூண்டு வாசலைத் தாண்டி வெளியே வந்தது. மயிலாத்தாளின் சேலைக் கரையை முகர்ந்தது. அர்த்தநாரியின் காலை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அவர் மடியில் ஏறிக் காலை நீட்டிப் படுத்தது.

அவர் தொடவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

முயலின் கண் மெல்ல மூடியது.

அப்போது சிவகாமி அம்மா வந்தார். சொன்ன சொல் தவறாதவர். கையில் புதிதாகத் துவைத்து மடித்த காவித் துணி.

அர்த்தநாரி துணியைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். பக்கத்தில் மயிலாத்தாள் துணிப்பையைத் திறந்து, நசுங்கியதை ஒடுக்கு எடுத்த பித்தளைச் செம்பை வெளியே எடுத்துத் தண்ணீருக்காக வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டவில்லை.

மயிலாத்தாள் நிமிர்ந்தாள்.

"யாருக்குங்க இந்தத் துணி?"

அம்மா அதைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வராதவங்களுக்குங்க."